தலைகீழாய்ப் பார்த்த தோட்டம்

1957ஆம் வருடம் ஜூன் முதல் தேதி காலை, லலிதாம்பாள் ஸ்டூடியோ சுவரில் தொங்கிய காலண்டரில் மே மாதத்தைக் கிழித்தாள். அடியிலிருந்த படத்தைப் பார்த்தவள், கிழித்த தாளைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள். பின்கட்டில் பால் பொங்கி, வழிந்து, தீய்ந்து, அந்த வாடை முன்கட்டுவரை வந்த பிறகுதான் அவள் கணவர் ஏகாம்பரம் இருட்டறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

“பால் போச்சு, லலிதா.”

“போகட்டும். இங்க வந்து இதப் பாருங்க.”

சிங்கப்பூரில் கேமராவும் ஃபிலிமும் விற்கும் கடை ஒன்று அனுப்பிய காலண்டர் அது. கடைக்காரர் அப்போதுதான் ஜப்பான் கேமராக்களை வரவழைக்கத் தொடங்கியிருந்தார். அதனால் பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு ஜப்பான் படங்கள். மே வரை மலை, பாலம், பனி, குடை பிடித்த பெண் என்று போயிற்று. ஜூனில் ஒரு வீட்டின் உட்புறம். நாலு பக்கமும் தாழ்வாரம், நடுவே இரண்டு கட்டில் போடும் அளவுக்குத் திறந்த இடம். அதில் மூன்று கற்கள். கொஞ்சம் பாசி. ஒரு மூலையில் மெலிந்த மூங்கில். மீதி இடமெல்லாம் வெள்ளைச் சரளை, அதன்மேல் சீப்பால் வாரியது போல் கோடுகள். ஒரு பூ கிடையாது.

ஏகாம்பரம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். “இதுல என்ன இருக்கு?”

“ஒண்ணுமே இல்ல. அதத்தான் பாக்கச் சொல்றேன்.”

காஜா பெராங் சாலையில் இருந்த அந்த வீடு, அந்தக் காலத்து மலாக்காக் கடைவீடுகளைப் போல அகலம் குறைந்து நீளம் கூடியது. முன்னால் ஸ்டூடியோ, பின்னால் சமையற்கட்டு, நடுவே வானம் பார்த்த உள்முற்றம். கருங்கல் பாவிய முற்றம், கூடத்தைவிட ஒரு படி தாழ்வு. மழை நேராக உள்ளே விழும், மூலையிலிருந்த தூம்பு வழியாக வெளியே போகும். பத்தொன்பது வருடமாக லலிதாம்பாள் அங்கே துணி காயப் போட்டிருக்கிறாள், மிளகாய் உலர்த்தியிருக்கிறாள். அன்று காலைதான் அதன் நீள அகலத்தை முழம் போட்டு அளந்தாள். அளந்துவிட்டுத் திரும்ப ஒருமுறை அளந்தாள். படத்திலிருந்த இடமும் இதுவும் ஒரே அளவுதான் என்று அவளுக்குத் தோன்றிய கணத்தில் உள்ளங்கால் கூசியது.

ஸ்டூடியோவில் அவள் வேலை வர்ணம் தீட்டுவது. கணவர் எடுக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களில் கல்யாணப் பெண்ணின் உதட்டுக்குச் சிவப்பு, மாப்பிள்ளையின் டைக்கு நீலம், குழந்தையின் கன்னத்துக்கு ரோஜா. கறுத்த பெண்ணைச் சிவப்பாக்கு என்பார்கள், ஆக்குவாள். சேலையின் பச்சையை மாம்பழ மஞ்சளாக்கு என்பார்கள், அதையும் ஆக்குவாள். கை சுத்தம். ஆனால் அவள் பூசிய எந்த நிறமும் அவள் நினைத்த நிறமில்லை. ஒரே மகள் கல்யாணமாகி ஈப்போவுக்குப் போன பிறகு, வீட்டில் தனக்கென்று விரும்பி அவள் செய்துகொண்ட காரியம் எதுவும் இல்லை. இப்போது திடீரென்று ஒன்று வந்து அவளைப் பிடித்துக்கொண்டது.

மூன்று நாளில் முற்றம் காலியாயிற்று. துணிக்கொடி பின்பக்கம் போனது. அம்மி சமையற்கட்டுக்குள் போனது. பழைய பின்திரைச் சட்டங்களை ஏகாம்பரம் முனகிக்கொண்டே மாடிக்கு ஏற்றினார். வெறும் முற்றத்தைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பூங்காவனம் வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்பவள், தாட்டியான உடம்பு, யோசிக்கும் முன்பே சரி என்று சொல்லிவிடும் சுபாவம்.

“என்னாக்கா, வீடு மாத்தறீங்களா?”

“தோட்டம் போடப் போறேன். வீட்டுக்குள்ளயே.”

“என் பேருதான் பூங்காவனம். நம்ம வீட்டுல ஒரு தொட்டிச் செடிகூடக் கெடையாது. என்ன செடி வேணும், சொல்லுங்க, கொண்டாரேன்.”

“செடி வேணாம். பாசி வேணும்.”

பூங்காவனம் ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு, “சரி” என்றாள்.

அடுத்த ஞாயிறு, விடியற்காலை மழை விட்டதும் இருவரும் ஆளுக்கொரு தோசைத் திருப்பியும் ஒரு சாக்குமாகக் கிளம்பி, டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்து மதிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முந்நூறு வருடத்து ஈரம் குடித்த மதில். அதில் படர்ந்திருந்த பாசி கம்பளம் போல் கனத்து, பச்சை மினுங்கிற்று. திருப்பியை அடியில் விட்டுத் தள்ளினால் அடையடையாக உரிந்து வந்தது. ஒரு நல்ல அடை முழுசாக வந்தபோது லலிதாம்பாள் சிரித்தாள். எதற்கென்று தெரியாமலே பூங்காவனமும் சிரித்தாள். சாக்கு முக்கால் நிறைந்தபோது பின்னாலிருந்து சைக்கிள் மணி கேட்டது. ஒரு மலாய்க் கான்ஸ்டபிள். சாக்கில் என்ன என்று மலாயில் கேட்டார்.

“லூமுட், என்சிக்” என்றாள் பூங்காவனம். பாசி, ஐயா.

கான்ஸ்டபிள் சாக்கின் வாயைத் திறந்து பார்த்தார். பாசிதான். கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். அடியிலும் பாசிதான். எதற்கு என்றார். லலிதாம்பாள் தனக்குத் தெரிந்த மலாய் அத்தனையையும் கூட்டி, வீட்டுக்குள்ளே, கல்லு, சரளை, மழை என்று கைகளால் காற்றில் ஒரு முற்றத்தையே கட்டிக் காட்டினாள். அவர் வெகுநேரம் கேட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. கடைசியில், இந்த மதில் பாசி வெயில் பட்டால் கருகிவிடும், எங்கள் கிராமத்துக் கிணற்றடியில் வளர்வதுதான் நல்ல ஜாதி என்றார். மறுநாள் மாலை ஒரு பிஸ்கட் டின் நிறைய அந்த நல்ல ஜாதியைக் கொண்டுவந்து ஸ்டூடியோ வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். உடுப்போடு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்ததில் எதிர்வரிசையில் நாலு ஜன்னல்கள் திறந்தன.

சரளைக்குக் கிளேபாங் கடற்கரை. கரையொதுங்கிய வெள்ளைப் பவழத் துண்டுகளையும் கிளிஞ்சல் நொறுங்கலையும் வாரி வந்து, புட்டுமாவுச் சல்லடையில் சலித்து, ஏழு தண்ணீரில் கழுவினாள். பிறகு அந்தச் சல்லடையில் சலித்த மாவில் செய்த புட்டைத் தின்றபோது ஏகாம்பரத்தின் பல்லில் ஒரு கிளிஞ்சல் அகப்பட்டது. அவர் அதைத் துப்பித் தட்டோரத்தில் வைத்துவிட்டு, “இன்னும் எத்தனை நாளைக்கு?” என்று மட்டும் கேட்டார்.

கல்தான் பெரும்பாடு. மலாக்கா முழுக்கக் கல்லுக்கா பஞ்சம்? ஆனால் அவளுக்கு எந்தக் கல்லும் பிடிக்கவில்லை. ஒன்று குண்டு, ஒன்று கூர், ஒன்று ‘என்னைப் பார்’ என்கிறது. கடைசியில் செமாபோக்கில் பூங்காவனத்தின் அக்காள் வீட்டுக் கொல்லையில் அது கிடைத்தது. இடுப்புயரக் கருங்கல், ஒரு பக்கம் சரிந்து, அக்காளின் மாடுகள் பல வருடமாக முதுகு சொறிந்து சொறிந்து வழவழப்பானது. அதன்மேல் கை வைத்ததும் லலிதாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு ஆள் சேர்ந்து அதைத் தூக்கி பேச்சா என்னும் மூன்று சக்கர சைக்கிள் வண்டியின் இருக்கையில் உட்கார வைத்தார்கள். ஓட்டுகிற சீனர் பின்னாலிருந்து மிதிக்க, கல் முன்னால் அமர்ந்து, வெயில் படாமல் தலையில் துண்டு போட்டுக்கொண்டு, பட்டணத்தின் நடுவே ஊர்வலம் வந்தது. பூங்காவனம் ஒரு பக்கம் கல்லைப் பிடித்தபடி நடந்தாள். மருந்துக் கடை வாசலில் நின்ற ஒரு பாட்டையா, யாரோ நோயாளி என்று நினைத்து எழுந்து நின்றார்.

“ஆஸ்பத்திரிக்கா?” என்று யாரோ கேட்டார்கள்.

“இல்லீங்க, வீட்டுக்குத்தான் போறாங்க” என்றாள் பூங்காவனம்.

மாட்டுக்கு முதுகு சொறியக் கல் இல்லாமல் போனதில் இரண்டு நாள் பால் கறக்கவில்லை என்று செமாபோக்கிலிருந்து செய்தி வந்தது. லலிதாம்பாள் ஒரு தென்னங்கட்டையை அனுப்பி வைத்தாள்.

மாட்டுக்கல்லுக்குத் துணையாக ஒரு தட்டைக் கல்லும் ஒரு குட்டிக் கல்லும் சேர்ந்தன. முற்றத்தின் ஒரு பாதியில் செம்மண் கொட்டி மேடாக்கி, மேட்டில் பாசியைப் பதித்து, மறுபாதியில் சரளையைப் பரப்பியாயிற்று. இனிக் கற்களை வைக்க வேண்டியதுதான் பாக்கி. வைத்தாள். சரியில்லை. நகர்த்தினாள். சரியில்லை. எட்டு நாள் அந்த மூன்று கற்களும் முற்றத்தைச் சுற்றி வந்தன. எங்கே வைத்தாலும் அவை கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பவர்களைப் போல் விறைத்துக்கொண்டு நின்றன. ஏகாம்பரத்துக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

ஒன்பதாம் நாள் அவர், “படம் எடுத்தாவது பாப்போம்” என்று ஸ்டூடியோவின் பெரிய மரக் கேமராவை முற்றத்தின் விளிம்பில் கொண்டுவந்து நிறுத்தினார். பெட்டி போன்ற பழைய கேமரா. பின்னால் ஒரு பால்கண்ணாடி. கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு பார்த்தால், எதிரிலிருப்பது அந்தக் கண்ணாடியில் தலைகீழாக விழும். பத்தொன்பது வருடத்தில் லலிதாம்பாள் அந்தத் துணிக்குள் நுழைந்ததே இல்லை. அது அவருடைய இடம். அன்று அவரைத் தள்ளிவிட்டு நுழைந்தாள்.

உள்ளே இருட்டு, புழுக்கம், அவருடைய மூக்குப்பொடி வாசனை. எதிரே கண்ணாடியில் அவளுடைய தோட்டம் வானத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

பாசி மேலே, வெளிச்சம் கீழே. கற்கள் மூன்றும் மேலிருந்து பிதுங்கிக் காய்த்துத் தொங்கின. கல் என்பதே மறந்துபோனது. பார்க்கப் பார்க்க ஒன்று மட்டும் விளங்கியது: அந்தப் பெரிய காய் வலப்பக்கம் முழுவதையும் கீழே இழுக்கிறது, இந்தப் பக்கம் பிடித்துக்கொள்ள யாருமில்லை. எட்டு நாளாக நேராகப் பார்த்தபோது அகப்படாதது, ஒரு நிமிடம் தலைகீழாகப் பார்த்ததில் பளிச்சென்று அகப்பட்டது.

“குட்டிக் கல்லை இடப்பக்கம் தள்ளுங்க” என்று துணிக்குள்ளிருந்து கத்தினாள்.

ஏகாம்பரம் தள்ளினார். கண்ணாடியில் அது வலப்பக்கம் போனது.

“அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்.”

“இடம்னுதானே சொன்ன?”

“எனக்கு எடம், உங்களுக்கு வலம். இல்ல, எனக்கு வலம். நீங்க நகருங்க, உங்க காலு வானத்துல நிக்குது.”

பூங்காவனம் முற்றத்துப் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். துணிக்குள்ளே லலிதாம்பாளும் சிரித்தாள். சிரிப்பில் கேமரா ஆடியது, கேமரா ஆடியதில் தோட்டம் ஊஞ்சலாடியது, தலை கிறுகிறுத்தது. மதியம் சாப்பாடு யாருக்கும் நினைவில்லை. மூன்று மணிக்கு அவள் வெளியே வந்தபோது முடி கலைந்து, முகமெல்லாம் வியர்த்து, இருபது வயதுப் பெண்ணைப் போல் இருந்தாள் என்று ஏகாம்பரம் நினைத்தார். மறுநாள் அவராகவே உடைந்த முக்காலியின் காலில் வரிசையாக ஆணி அடித்து, சரளையில் கோடு இழுக்க ஒரு வாரி செய்துகொடுத்தார்.

அதன் பிறகு அவருக்கும் பித்து தொற்றியது. ஆனால் அவருடைய பித்து வேறு ஜாதி. எங்கே காலியிடம் கண்டாலும் அவருக்கு நிரப்ப வேண்டும். ஒருநாள் காலையில் பாசி மேட்டில் ஒரு களிமண் மான் நின்றுகொண்டிருந்தது. லலிதாம்பாள் அதை எடுத்து வரவேற்பு மேசையில் வைத்தாள். மறுநாள் சுவரோரமாக ஒரு சுண்ணாம்புக் கொக்கு. அதுவும் மேசைக்குப் போனது. ஆகஸ்ட் பிறந்தபோது மேசையில் ஒரு மான், ஒரு கொக்கு, இரண்டு ஆமை, ஒரு காகிதத் தாமரை. வருகிறவர்கள் இதுதான் அந்தத் தோட்டமா என்று கேட்டார்கள்.

வருகிறவர்கள் நிறையவே வந்தார்கள். மெர்டேக்கா, அதாவது சுதந்திர நாள், வருகிறது; குடியுரிமைப் பத்திரத்தில் ஒட்ட எல்லோருக்கும் படம் வேண்டும். படம் எடுக்க வந்தவர்கள் அப்படியே ஒரு எட்டு முற்றத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் ஒன்றுமில்லையே என்றார்கள். சிலர் படியில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை.

அப்படி வந்தவர்தான் தம்பிராஜா. நகரசபையில் ரோடு போடும் கூட்டத்துக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி; ஐம்பதை ஒட்டிய வயது, வெயிலில் காய்ந்த மெலிந்த உடம்பு. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு படத்துக்கு உட்கார்ந்தவர், கதவு வழியே தெரிந்த முற்றத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அது என்னா அது?”

“ஜப்பான் தோட்டம்ண்ணே. நம்ம வீட்டம்மா போட்டது” என்றார் ஏகாம்பரம் பெருமையாக.

தம்பிராஜா எழுந்தார். முற்றத்து விளிம்புவரை போய் நின்று பார்த்தார். பிறகு திரும்பி, சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டே வாசலில் இறங்கிப் போய்விட்டார். படம் எடுக்கவில்லை.

“அவர் சயாமுக்குப் போயிட்டு வந்தவருக்கா” என்றாள் பூங்காவனம், அன்று சாயங்காலம். “ஜப்பான்காரன் ரயில் பாதை போடப் பிடிச்சிட்டுப் போனான்ல. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் போனாங்க. இவரு மட்டுந்தான் திரும்பினாரு.”

லலிதாம்பாள் படியில் உட்கார்ந்தாள். இரண்டரை மாதமாக நிற்காத சிரிப்பு நின்றது. அவளுக்கும் ஜப்பான்காரன் ஆண்ட அந்த வருடங்கள் தெரியும். மரவள்ளிக்கிழங்கும், கோணிச் சட்டையும், சைக்கிள் சத்தம் கேட்டால் கதவைச் சாத்துவதும். காலண்டர் படத்தைப் பார்த்தபோது அது ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. கல்லும் பாசியும் மட்டும்தான் கண்ணில் பட்டன. எப்படி அப்படி மறந்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இரண்டு நாள் சரளையில் கோடு இழுக்கவில்லை. பேச்சும் பரவிவிட்டது, ஊர் சுதந்திரம் வாங்கும் நேரத்தில் ஜப்பான்காரன் தோட்டமா என்று ஒருவர் வாசலில் நின்றே கேட்டுவிட்டுப் போனார்.

“எடுத்திடலாமா?” என்று கணவரைக் கேட்டாள்.

ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எடுக்கிறதா இருந்தாலும் அவர்கிட்ட கேட்டுட்டு எடு. கேக்காம எடுத்தா, அது அவருக்குப் பயந்து எடுத்த மாதிரி ஆயிடும்.”

மூன்றாம் நாள் காலை, காஜா பெராங் சாலை முடியும் இடத்தில் தார் கொதித்துக்கொண்டிருந்தது. தம்பிராஜா தொப்பி வைத்துக்கொண்டு ஜல்லி பரப்புகிறவர்களைப் பார்த்து நின்றார். லலிதாம்பாள் குடையோடு அவரெதிரே போய் நின்றாள்.

“அண்ணே, நான் ஸ்டூடியோ வீட்டுக்காரி. அந்தத் தோட்டத்தை எடுத்திடட்டுமா?”

அவர் அவளைப் பார்க்கவில்லை. ஜல்லியைத்தான் பார்த்தார். “எதுக்கு?”

“உங்க மனசு கஷ்டப்பட்டுச்சே.”

“பேரக் கேட்டதும் அங்க நிக்க முடியல. இல்லேன்னு சொல்லல.” ஒரு ஜல்லியைக் காலால் தள்ளிவிட்டார். “ஆனா தங்கச்சி, ரெண்டு நாளா என் மண்டையைக் கொடையறது அது இல்ல. அந்தப் பெரிய கல்லு.”

“என்ன அதுக்கு?”

“தப்பா நிக்குது. மண்ணு மேல கொண்டுவந்து வச்சா கல்லு நிக்குமா? விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கு. மூணுல ஒரு பங்கு மண்ணுக்குள்ள போகணும். அப்பத்தான் அது அங்கியே மொளைச்ச மாதிரி இருக்கும்.”

லலிதாம்பாளுக்குச் சுரீர் என்றது. ஆமாம், விருந்தாளிதான். இத்தனை நாள் அதற்குப் பெயர் தெரியாமல் தவித்தாள்.

“நீங்க வந்து வச்சுத் தரீங்களா அண்ணே?”

தம்பிராஜா தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார். “சயாம்ல ரெண்டு வருஷம் கல்லு தூக்கினேன். ஒவ்வொண்ணும் அவன் கைய நீட்டிக் காட்டுன எடத்துல வச்சது. என் தம்பியப் பொதைச்ச எடத்துல ஒரு கல்லு வைக்கலாம்னு கேட்டேன். விடல.” குரல் மாறவில்லை, தார் கிண்டுகிறவனுக்குச் சொல்வது போலவே சொன்னார். “ஒரு கல்லையாவது நான் நெனைச்ச எடத்துல வைக்கணும்.”

அன்று மாலை ஐந்து மணிக்கு அவர் கடப்பாரையோடு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு, மேட்டில் குழி பறித்து, மாட்டுக்கல்லை ஒரு பக்கம் சாய்த்து இறக்கினார். கல் இறங்கியதும் அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டது. அவரும் லலிதாம்பாளும் ஏகாம்பரமும் பின்வாங்கிப் பார்த்தார்கள். கல் சின்னதாகிவிட்டது, ஆனால் வீடு கட்டுவதற்கு முன்பிருந்தே அது அங்கே இருந்தது போலவும், அதைச் சுற்றித்தான் வீட்டையே கட்டினார்கள் போலவும் தோன்றியது. தம்பிராஜா மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினார். பாசியை எடுத்துக் குழந்தைக்குப் போர்த்துவது போலச் சுற்றிலும் போர்த்தினார். கையைக் கல்லின் மேல் வைத்தபடி அங்கேயே சற்றுநேரம் குனிந்திருந்தார். பூங்காவனம் காப்பி கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

காப்பியைக் குடித்து முடித்ததும் அவர் நிமிர்ந்து, “அந்தத் தட்டைக் கல்லும் தப்பு” என்றார்.

அவ்வளவுதான், மறுபடி பிடித்துக்கொண்டது. தினமும் ஐந்து மணிக்குத் தம்பிராஜா வந்துவிடுவார். தட்டைக் கல் சரளையின் நடுவில்தான் இருக்க வேண்டும் என்பார் அவர். ஓரத்தில் என்பாள் லலிதாம்பாள். அவளைக் கேமராத் துணிக்குள் அனுப்பிவிட்டு அவர் நகர்த்துவார். அவரைத் துணிக்குள் அனுப்பிவிட்டு அவள் நகர்த்துவாள். முதல்தடவை துணிக்குள் போனவர், “அடேங்கப்பா, எல்லாம் விழப் போவுது” என்று கையை நீட்டிக் கண்ணாடியைத் தாங்கிப் பிடித்தார். ஒருநாள் இருவருக்கும் சண்டை முற்றி, அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பியே போய்விட்டார். அரைமணி நேரத்தில் திரும்பி வந்து, “சரி, நடுவுலேருந்து ஒரு சாண் தள்ளி. அதுக்கு மேல எறங்கி வர மாட்டேன்” என்றார். அவள் ஒப்புக்கொண்டாள். அவளுடைய ஓரத்தைவிட அது நன்றாக இருந்தது. அதை மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் முப்பத்தொன்று, சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து தெருவெங்கும் புதுக்கொடிகள். ஒன்பது மணிக்கு ஊர்வலம். ஏகாம்பரம் மூன்று கேமராக்களில் ஃபிலிம் போட்டு வைத்திருந்தார். தம்பிராஜா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தார். சட்டைப்பையில், பிறகு ஏகாம்பரம் எடுத்துக்கொடுத்த படம் ஒட்டிய குடியுரிமைப் பத்திரம் நாலாக மடித்து இருந்தது. பூங்காவனம் பட்டுச்சேலை. லலிதாம்பாள் அதிகாலையிலேயே சரளையில் கோடு இழுத்து முடித்திருந்தாள், கல்லைச் சுற்றி வட்டம் வட்டமாக, ஒரு கோடு இன்னொன்றை இடிக்காமல்.

எட்டரைக்கு வானம் கிழிந்தது. மலாக்கா மழை அறிந்தவர்கள்கூட மிரளும் மழை. ஊர்வலத்துக்காகத் தெருவில் காத்திருந்த துறைமுகத் தொழிலாளர் சங்கத்துப் பாண்டுக்காரர்கள் இருபத்திரண்டு பேரும், சிவப்புக் கோட்டும் பொன்னிறப் பொத்தானுமாக, ஊதுகுழல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் பாய்ந்தார்கள். முன்கட்டு கொள்ளவில்லை. கூடத்துக்கு வந்து, முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் நின்றார்கள். பெரிய மேளத்துக்கு இடம் போதாமல் அது களிமண் மானின் பக்கத்தில் மேசைமேல் ஏறியது.

நாலு பக்கக் கூரையிலிருந்தும் தண்ணீர் திரைபோல் விழுந்தது. பாசி பருத்துப் பச்சை வெடித்தது. கற்கள் கறுத்து மின்னின. இருபத்திரண்டு பேரும் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். சத்தம் மழையுடையது மட்டும்தான். இதைத்தான் அந்தப் படத்தில் பார்த்தேனா, இல்லை, அதில் மழையே இல்லையே என்று லலிதாம்பாள் நினைத்துக்கொண்டிருந்தபோது பூங்காவனம் அவள் தோளைத் தட்டினாள்.

“அக்கா, தண்ணி போகல.”

தூம்பு அடைத்துக்கொண்டது. கரைந்த செம்மண்ணும் பிய்ந்த பாசியும் போய் அதன் வாயில் அப்பியிருந்தன. தண்ணீர் கணுக்கால் உயரம், பிறகு படியின் பாதிக்கு மேல். அவள் இழுத்த கோடுகள் எல்லாம் அடியில் எங்கோ போய்விட்டன. கூடத்துக்குள் தண்ணீர் வர இன்னும் நாலு விரல்தான். தம்பிராஜா வெள்ளைச் சட்டையைக் கழற்றி, பத்திரத்தோடு ஏகாம்பரத்தின் கையில் திணித்துவிட்டு உள்ளே இறங்கினார். கோடு இழுத்த பிறகு யாரும் சரளையை மிதித்ததில்லை. அவருக்குக் கைகொடுக்கப் பாண்டு மாஸ்டர் குனிந்தார். வழுக்கி முழங்கால்வரை இறங்கினார். அவரை இழுக்க இரண்டு பேர். அந்த இருவரை இழுக்கப் பூங்காவனம், பட்டுச்சேலையோடு. லலிதாம்பாள் பார்த்துக்கொண்டு நின்றாள். அழ வேண்டிய நேரம் இது என்று தோன்றியது. ஆனால் வயிற்றின் அடியிலிருந்து கிளம்பி வந்தது சிரிப்பு. சேலையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு அவளும் குதித்தாள். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. பின்னாலிருந்த பாண்டுக்காரர்கள், நடப்பது ஒன்றும் தெரியாமல், ஊர்வலம் தொடங்கிவிட்டது என்று நினைத்து ஊதத் தொடங்கினார்கள். மேசையிலிருந்த மேளம் அதிர்ந்தது, கொக்கு கவிழ்ந்தது. ஏகாம்பரம் மாடிப்படியில் ஏறி நின்று, நனைந்த கண்ணாடியோடு படம் மேல் படமாக எடுத்துத் தள்ளினார்.

தம்பிராஜா தோள்வரை கையை விட்டுத் தூம்பைக் குடைந்தார். திடீரென்று அது ஏப்பம் விட்டது. தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தது. மழையும் எப்படி வந்ததோ அப்படியே நின்றது. ஒவ்வொருவராக மேலே ஏறினார்கள். தண்ணீர் இழுப்பில் தடுமாறிய தம்பிராஜா மட்டும் நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளியிருந்த தட்டைக் கல்லின்மேல் தாவி நின்றார்.

“யாரும் எறங்காதீங்க” என்றாள் லலிதாம்பாள். குரலில் இருந்த ஏதோ ஒன்றில் பாண்டு நின்றது.

தண்ணீர் வடிந்துபோன வழியில் வெள்ளைச் சரளையும் செம்மண்ணும் கலந்து, மயில் தோகையை விரித்தது போல், தூம்பை நோக்கிக் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு கல்லின் பின்னாலும் ஒரு நீண்ட வெள்ளை வால். எந்த வாரியாலும் இழுக்க முடியாத கோடுகள். மயிரிழை அகலத்தில் சில, கை அகலத்தில் சில. மூன்று மாதம் அவள் தேடிக்கொண்டிருந்ததை மழை ஐந்து நிமிடத்தில், அவளைக் கேட்காமல் போட்டுவிட்டுப் போயிருந்தது. பொறாமையும் சந்தோஷமும் அவளுக்குள் ஒன்றாகப் பொங்கின.

“இதை இப்படியே வச்சுக்கப் போறேன்” என்றாள்.

“வச்சுக்க. நான் எப்படி வெளிய வரது?” என்றார் தம்பிராஜா, கல்லின்மேல் நின்றபடி.

அவரைச் சுற்றி நாலு பக்கமும் தோகை. ஒரு அடி எடுத்து வைத்தால் போயிற்று. வெளியே யாரோ விசில் ஊத, பாண்டுக்காரர்கள் மேளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தெருவில் ஊர்வலம் கிளம்பும் ஆரவாரம் எழுந்தது.

“ஊர்வலம் போவுதே, தங்கச்சி.”

“கொஞ்சம் பொறுங்கண்ணே. இன்னும் பாத்து முடிக்கல.”

தம்பிராஜா தெருப் பக்கம் பார்த்தார். கீழே பார்த்தார். அவர் காலடியிலிருந்து கிளம்பிப் போன அந்த வெள்ளை வாலைக் கடைசிவரை கண்ணாலேயே தொடர்ந்து போனார். பிறகு நனைந்த வேட்டியை மடித்துக்கொண்டு கல்லின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“அப்பன்னா ஒரு காப்பி நீட்டுங்க” என்றார். “சீனி கொறைச்சு.”